பெரும் பொருளாதாரங்கள் ஏன் வர்த்தகத்தில் மோதிக்கொள்கின்றன?

2025 ஏப்ரல் 2 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் தூக்கிக் காட்டிய பட்டியலில் இலங்கையின் பெயருக்கு நேரே 44 சதவீதம் என்று இருந்தது. இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பொருள்கள்மீது விதிக்கப்படவிருந்த தீர்வை, அதாவது இறக்குமதி வரி, அது. இந்நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. இங்கே தைத்து அனுப்பப்படும் ஆடைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் விற்பனையாகிறது. அதனால் அடுத்த நாள் கொழும்பில் பத்திரிகையைப் பிரித்தவர்கள் பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: அமெரிக்காவுக்கு நாம் என்ன தீங்கு செய்தோம்?

தீங்கு எதுவும் செய்யவில்லை. அந்தப் பட்டியல் நம்மை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டதும் அல்ல. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும், அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையில் பல ஆண்டுகளாக முற்றிவந்த பிணக்குகளின் தொடர்ச்சியாக, எல்லா நாடுகளுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டுக் கணக்கிட்டபோது நமக்கு விழுந்த எண் அது. ஆகவே அந்த எண்ணை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், பெரிய பொருளாதாரங்கள் எதற்காக மோதுகின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பொருளியல் படிக்காத ஒருவரும் தொடர்ந்து வரக்கூடிய விதத்தில் அதைச் சொல்ல முயல்கிறேன்.

44 எங்கிருந்து வந்தது?

சூத்திரம் மிக எளியது. 2024 இல் அமெரிக்கா இலங்கையிடமிருந்து வாங்கிய பொருள்களின் பெறுமதி ஏறத்தாழ 3 பில்லியன் டொலர். இலங்கை அமெரிக்காவிடமிருந்து வாங்கியது அதில் எட்டில் ஒரு பங்கு அளவுதான், ஏறத்தாழ 0.37 பில்லியன் டொலர். இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசம், அதாவது இலங்கையுடனான வர்த்தகத்தில் அமெரிக்காவுக்கு உள்ள பற்றாக்குறை, 2.6 பில்லியன் டொலர். துல்லியமான இலக்கங்களை எடுத்து, பற்றாக்குறையை அமெரிக்கா வாங்கிய மொத்தப் பெறுமதியால் வகுத்தால் 88 சதவீதம் கிடைக்கும். அதில் பாதி 44. இலங்கைச் சுங்கம் உண்மையில் அமெரிக்கப் பொருள்களுக்கு எவ்வளவு வரி விதிக்கிறது என்ற விபரம் இந்தக் கணக்கில் எங்கும் நுழையவில்லை. ஆனால் பட்டியலில் அந்த 88 சதவீதம் இலங்கை அமெரிக்காவிடம் அறவிடும் தீர்வையாகவே காட்டப்பட்டது.

வர்த்தக மோதல்களில் மிக உரத்துச் சொல்லப்படும் காரணமும், என் கருத்தில் மிகப் பலவீனமான காரணமும் இந்தப் பற்றாக்குறைதான். ஒரு நாடு நம்மிடம் வாங்குவதைவிட அதிகமாக நமக்கு விற்றால், அது நம்மை ஏமாற்றுகிறது என்பது பார்வைக்கு நியாயமாகப்படும் வாதம். ஆனால் இலங்கையின் நிலையை எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு பொருந்தாத வாதம் என்பது புலப்படும். நாம் அமெரிக்காவுக்கு ஆடை விற்கிறோம். அந்த ஆடைக்கான துணியில் பெரும்பகுதியைச் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வாங்குகிறோம். தொழிற்சாலையும் பேருந்தும் ஓடுவதற்கான எரிபொருளை வேறு நாடுகளிலிருந்து இறக்குகிறோம். அமெரிக்காவிடம் நமக்கு மிகை, இந்தியாவிடமும் சீனாவிடமும் பற்றாக்குறை. முதலாவது இரண்டாவதற்குப் பணம் கொடுக்கிறது. பல நாடுகளோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் எந்த நாட்டுக்கும் ஒவ்வொரு நாட்டுடனும் கணக்குச் சமப்பட வேண்டியதில்லை, சமப்படுவதும் இல்லை.

ஆனால் எல்லா நாடுகளுடனான கணக்கையும் கூட்டிப் பார்த்தாலும் அமெரிக்காவுக்குப் பெரும் பற்றாக்குறை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதற்கான காரணத்தைத் துறைமுகத்தில் தேடுவதைவிட வீட்டு வரவு செலவிலும் அரசாங்கத்தின் வரவு செலவிலும் தேடுவது பொருத்தம். ஒரு நாடு தான் உற்பத்தி செய்வதைவிட அதிகமாகச் செலவழித்தால், மிஞ்சிய பகுதியை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் குறைவாகச் சேமிக்கின்றன; அமெரிக்க அரசாங்கம் வருமானத்தைவிட மிக அதிகமாகச் செலவழிக்கிறது; உலகம் முழுவதும் டொலரைச் சேமிப்பாக வைத்திருக்க விரும்புவதால் அந்த இடைவெளியை நிரப்பக் கடனும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. சீனாவின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே நாட்டின் மொத்த உற்பத்தியில் குடும்பங்கள் நுகர்வது ஏறத்தாழ 40 சதவீதம்தான். அமெரிக்காவில் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். உழைத்து உற்பத்தி செய்பவர்களின் கைக்கு அவர்கள் உற்பத்தி செய்ததை வாங்கும் அளவுக்கு வருமானம் வராதபோது, எஞ்சிய பொருள் கப்பல் ஏறத்தான் வேண்டும். 2024 இல் சீனாவின் பொருள் வர்த்தக மிகை கிட்டத்தட்ட 1 டிரில்லியன் டொலரை எட்டியது.

இதனால்தான் ஒரு நாட்டின்மீது மட்டும் தீர்வை விதித்துப் பற்றாக்குறையைக் குறைக்க முடிவதில்லை. 2018 இல் சீனாவுடனான அமெரிக்காவின் பொருள் வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 420 பில்லியன் டொலராக இருந்தது. தீர்வைகள் வந்தபின் அது குறைந்து 2024 இல் 300 பில்லியனுக்குச் சற்றுக் கீழே வந்தது. அதே காலத்தில் எல்லா நாடுகளுடனுமான மொத்தப் பற்றாக்குறை 900 பில்லியனுக்குக் கீழிருந்து 1.2 டிரில்லியனாக உயர்ந்துவிட்டது. சீனாவிலிருந்து வாங்காததை வியட்நாமிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வாங்கினார்கள். அவற்றுள் பலவற்றின் உதிரிப்பாகங்கள் அப்போதும் சீனாவிலிருந்தே வந்தன.

தீர்வையைக் கட்டுவது யார்?

இந்த ஒரு விடயத்தில் தெளிவில்லாமல் வர்த்தக மோதல் பற்றிய எந்தச் செய்தியையும் சரியாக வாசிக்க முடியாது. தீர்வை என்பது ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் அறவிடும் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசியல்வாதிகளும் அப்படியே பேசுகிறார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கடினமல்ல. ஜப்பானிலிருந்து ஒரு கார் கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோ வந்து இறங்கும்போது அதற்குரிய வரியை ஜப்பான் கட்டுவதில்லை. இறக்குமதியாளர் சுங்கத்தில் கட்டுகிறார். பிறகு அதை விலையோடு சேர்த்து வாங்குபவரிடம் அறவிட்டுக்கொள்கிறார். இங்கே ஒரு சிறிய காரின் விலை ஏன் ஒரு வீட்டின் விலையை நெருங்குகிறது என்று கேட்டால் புறக்கோட்டையில் எவரும் பதில் சொல்வார்கள்.

அமெரிக்காவிலும் அதே வழிதான். 2018 தொடக்கத்தில் வெளிநாட்டுச் சலவை இயந்திரங்கள்மீது அமெரிக்கா தீர்வை விதித்தது. அதன் விளைவைப் பொருளியலாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, சலவை இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் உயர்ந்திருந்ததைக் கண்டார்கள். தீர்வையே விதிக்கப்படாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடியிருந்தது, ஏனென்றால் இரண்டும் அங்கே பெரும்பாலும் சோடியாகவே விற்கப்படுகின்றன. உள்நாட்டில் ஏறத்தாழ 1,800 வேலைகள் உருவாகின என்பது உண்மை. ஆனால் அவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் கொடுத்த விலை ஏறத்தாழ 815,000 டொலர் என்று கணக்கிட்டார்கள்.

இவ்வளவு செலவு பிடிக்கும் ஒன்றை மக்கள் ஏன் விரும்பி ஆதரிக்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. மோதல்களின் ஆழமான வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நன்மை பலருக்கு, இழப்பு சிலருக்கு

ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817 இல் விளக்கியதை இன்றும் உயர்தர வகுப்புகளில் படிப்பிக்கிறார்கள்: ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் இலகுவாக வருவதைச் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரு நாடுகளும் முன்பைவிட நன்றாக இருக்கும். இது பிழையான கருத்து அல்ல. ஆனால் இரு நாடுகளும் நன்றாக இருக்கும் என்றால் இரு நாடுகளிலும் உள்ள எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று பொருளில்லை. அந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடலாம். வாழ்க்கையில் அப்படிக் கடக்க முடியாது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு தெளிவான உதாரணம் உண்டு. 1970 க்கும் 1977 க்கும் இடையில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக உணவுப் பொருள்களின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தெற்கில் பாணுக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் செத்தல் மிளகாயிலும் வெங்காயத்திலும் நல்ல வருமானம் கண்டார்கள். அக்காலத்தை நினைவுகூரும் முதியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாய் கப்பலில் வந்து இறங்கியது. கொழும்பில் சமைக்கும் குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு சிறு தொகை மிச்சமாகியிருக்கும். அது எதனால் மிச்சமானது என்று அந்தக் குடும்பம் யோசித்திருக்காது. வலிகாமத்தில் கிணற்றிலிருந்து இறைத்து மிளகாய் விளைவித்த குடும்பத்துக்கோ ஆண்டு வருமானமே ஆட்டங்கண்டது, அது எதனால் என்பதும் அவர்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நன்மை மெல்லிதாகப் பலரிடம் பரவுகிறது. இழப்பு கனமாகச் சிலர்மீது விழுகிறது. இழந்தவர்கள் மறப்பதில்லை, வாக்களிக்கும்போதும் மறப்பதில்லை.

இதையே பல நூறு மடங்கு பெரிதாக்கினால் அமெரிக்காவில் நடந்தது விளங்கும். 2001 டிசம்பர் 11 இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதன்பின் சீனப் பொருள்கள் அமெரிக்கச் சந்தையில் குவிந்த வேகம் எவரும் எதிர்பாராதது. தளபாடம், துணி, பாதணி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைச் செய்துவந்த ஊர்களில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வட கரோலினாவின் தளபாட ஊர்கள் இதற்கு அடிக்கடி சொல்லப்படும் சான்று. டேவிட் ஓட்டர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியின் போட்டியால் அமெரிக்காவில் இழக்கப்பட்ட வேலைகள் 20 இலட்சத்துக்கும் 24 இலட்சத்துக்கும் இடைப்பட்டவை என மதிப்பிட்டார்கள். எண்ணைவிட முக்கியமானது அவர்கள் கண்ட இன்னொரு விடயம்: வேலை இழந்தவர்கள் பாடநூல் சொன்னதுபோல வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் நகரவில்லை. பலர் அங்கேயே குறைந்த வருமானத்தோடு தங்கிவிட்டார்கள். மலிவான சட்டையும் தொலைக்காட்சியும் நாடு முழுவதற்கும் கிடைத்தன. அவற்றால் நன்மையடைந்தவர்களிடமிருந்து ஒரு பகுதியை எடுத்து இழந்தவர்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு பெயரளவில்தான் இருந்தது. ஒரு நாடு தன் மக்களுக்கிடையில் தீர்த்துக்கொள்ளாத கணக்கு, காலப்போக்கில் வெளிநாட்டின்மீதான கோபமாக வெளிப்படுகிறது. சீனாவில் தொழிலாளியின் கைக்குப் போதிய வருமானம் போகாததும், அமெரிக்காவில் வேலை இழந்தவருக்கு ஈடு கிடைக்காததும் ஒரே மோதலின் இரண்டு ஊற்றுகள்.

மானியமும் தொழில்நுட்பமும்

இவ்வளவும் சொன்னதால், பிற நாடுகள் வைக்கும் முறைப்பாடுகள் எல்லாம் வெறும் சாக்குகள் என்று கொள்ளக்கூடாது. சீன அரசாங்கம் தான் தெரிவுசெய்த தொழில்களுக்கு மலிவுக் கடன், நிலம், வரிச்சலுகை, நேரடி மானியம் என்று பல வழிகளில் உதவுகிறது. 2015 இல் அறிவிக்கப்பட்ட ‘சீனாவில் தயாரிப்பு 2025’ என்ற திட்டம் ரோபோ, மின்சார வாகனம், விமானம், சிப் முதலிய துறைகளில் முன்னணிக்கு வருவதை வெளிப்படையான இலக்காக வைத்தது. சீனாவில் தொழில் தொடங்க வரும் வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளூர்ப் பங்காளியோடு தொழில்நுட்பத்தைப் பகிர நிர்ப்பந்திக்கப்படுகின்றன என்பது அமெரிக்கா 2018 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின் மையக் குற்றச்சாட்டு. 1974 ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தின் 301 ஆம் பிரிவின் கீழ் நடந்த அந்த விசாரணையின் முடிவாகவே, 2018 ஜூலை 6 ஆம் திகதி 34 பில்லியன் டொலர் பெறுமதியான சீனப் பொருள்கள்மீது 25 சதவீதத் தீர்வை நடைமுறைக்கு வந்தது. சீனா அதே நாளில் அதே அளவுக்குப் பதில் தீர்வை விதித்தது.

மானியம் கொடுப்பது சீனா மட்டுமா என்றால், இல்லை. விமான உற்பத்தியில் எயார்பஸ் நிறுவனத்துக்கு ஐரோப்பிய அரசுகளும் போயிங் நிறுவனத்துக்கு அமெரிக்காவும் கொடுத்த உதவிகள் பற்றி இரு தரப்பும் 2004 முதல் வழக்காடி, 2021 இல்தான் ஓர் இடைக்கால இணக்கத்துக்கு வந்தன. 2022 ஓகஸ்டில் அமெரிக்காவே சிப் உற்பத்திக்கு 50 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட உதவியைச் சட்டமாக்கியது. முன்பு குறை சொன்ன வழியிலேயே குறை சொன்னவரும் நடக்கத் தொடங்கும்போது, யார் விதியை மீறுகிறார் என்ற வாதத்துக்கு முடிவே இல்லாமல் போகிறது.

அரசியல் பகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைப்பவர்கள் 1980களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போது அமெரிக்காவின் கோபத்துக்கு ஆளான நாடு ஜப்பான். அது அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடு, அமெரிக்கப் படைகள் தங்கியிருந்த நாடு. இருந்தும் 1981 இல் ஆண்டுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்று ‘தன்விருப்பமாக’ ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை ஜப்பானுக்கு வந்தது. 1985 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பிளாசா ஹோட்டலில் செய்துகொண்ட உடன்பாட்டின்பின் யென்னின் பெறுமதி வேகமாக ஏறி, ஜப்பானியப் பொருள்கள் டொலரில் விலை கூடின. ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்காவிலேயே தொழிற்சாலை கட்டத் தொடங்கியதும் மோதலின் சூடு தணிய ஒரு காரணம். ஹொண்டா 1982 இலேயே ஒஹாயோவில் கார் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. முதலிடத்தில் இருக்கும் பொருளாதாரத்தை இன்னொன்று நெருங்கிவரும்போது, அது நட்பு நாடாக இருந்தாலும் உரசல் வருகிறது.

ஆனால் சீனாவுடனான பிணக்கில் ஜப்பானுடன் இல்லாத ஒன்று சேர்ந்திருக்கிறது: பாதுகாப்பு. கைத்தொலைபேசியை இயக்கும் சிப்பும் ஏவுகணையை வழிநடத்தும் சிப்பும் ஒரே தொழில்நுட்பத்திலிருந்து பிறக்கின்றன. ஆகவே 2019 மேயில் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவிமீது வந்த தடையும், 2022 ஒக்டோபர் 7 இல் உயர்தரச் சிப்புகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குப் போகாமல் தடுக்க வந்த விதிகளும் வருமானத்துக்காகவோ வேலைவாய்ப்புக்காகவோ செய்யப்பட்டவை அல்ல. எதிராளியை ஒரு தலைமுறை பின்னால் நிறுத்துவதே அவற்றின் நோக்கம். சீனாவின் கையில் இருக்கும் பதில் ஆயுதம் அருமண் தனிமங்கள். மின்சார மோட்டாரின் காந்தத்துக்கும் போர் விமானத்துக்கும் தேவைப்படும் இந்தத் தனிமங்களைச் சுத்திகரிக்கும் தொழிலில் உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்று சீனா அறிவித்தபின், காந்தம் கிடைக்காமல் சில வாகனத் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. பணம் சம்பந்தப்பட்ட பிணக்கை விலை பேசித் தீர்க்கலாம். பயம் சம்பந்தப்பட்டதற்கு அப்படி ஒரு விலை இல்லை. இப்போதைய மோதல் முந்தியவற்றைவிட நீண்டகாலம் நீடிக்கும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

பதிலடி பெருகும் விதம்

ஒரு தீர்வை எப்படிப் பல தீர்வைகளாகிறது என்பதற்குப் பதிலடியின் தெரிவுகளைக் கவனிக்க வேண்டும். 2018 இல் அமெரிக்கா உருக்குக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் விதித்தபோது ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க உருக்கோடு நிற்கவில்லை. கென்டக்கியில் வடிக்கப்படும் பேர்பன் விஸ்கியையும் விஸ்கொன்சினின் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளையும் தேர்ந்தெடுத்தது. அந்நேரத்தில் செனட் சபையின் பெரும்பான்மைத் தலைவர் கென்டக்கிக்காரர். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் விஸ்கொன்சின்காரர். சீனா சோயா அவரையைத் தேர்ந்தெடுத்தது. அதை விளைவிக்கும் மாநிலங்களில் பல ட்ரம்புக்கு வாக்களித்தவை. சீனா பிரேசிலிடம் கூடுதலாக வாங்கத் தொடங்கியது; அமெரிக்க அரசாங்கம் தன் விவசாயிகளுக்கு இரு ஆண்டுகளில் 28 பில்லியன் டொலர் உதவியை அறிவிக்க வேண்டியதாயிற்று.

2025 ஏப்ரலில் இந்தப் பதிலடிக் கணக்கு நாள்கணக்கில் ஓடியது. அமெரிக்கா 34 என்றது, சீனாவும் 34 என்றது. 84 ஆனது, பதிலுக்கும் 84. ஒன்றரை வாரத்துக்குள் சீனப் பொருள்கள்மீது 145 சதவீதமும் அமெரிக்கப் பொருள்கள்மீது 125 சதவீதமும் நின்றன. அந்த அளவில் தீர்வை வரியாக இருப்பதில்லை, வர்த்தகத் தடையாகிவிடுகிறது. மே மாதம் ஜெனீவாவில் பேசி அவற்றை முறையே 30 க்கும் 10 க்கும் இறக்கினார்கள். எந்தத் தலைவரும் தன் மக்கள் முன்னால் முதலில் பின்வாங்கியவராகத் தெரிய விரும்புவதில்லை; இரு தரப்புக்கும் நட்டம் என்று இரு தரப்புக்கும் தெரிந்தும் எண் ஏறிக்கொண்டே போவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஏறியது இறங்குவதும் எளிதல்ல. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி விதித்ததற்குப் பதிலாக, அமெரிக்கா சிறு பாரவண்டிகளுக்கு 25 சதவீதம் விதித்தது. கோழிப் பிணக்கை எல்லோரும் மறந்தபின்னும் அந்தப் பாரவண்டித் தீர்வை அறுபது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. காப்பு கிடைத்த தொழில் அந்தக் காப்பைச் சுற்றியே வளர்ந்துவிடுவதால், அதை எடுக்க எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வருவதில்லை. ட்ரம்ப் சீனாமீது விதித்தவற்றை ஜோ பைடனும் நீக்கவில்லை. 2024 இல் சீன மின்சார வாகனங்களுக்கு 100 சதவீதமாகக் கூட்டினார்.

நடுவர் இல்லாத நிலை

1930 இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாவ்லி சட்டத்தால் ஏராளமான பொருள்களின் தீர்வையை உயர்த்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டு வேண்டாம் என்று கேட்டும் ஜனாதிபதி ஹூவர் அதில் ஒப்பமிட்டார். கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு மதில் எழுப்பின. ஏற்கெனவே தொடங்கியிருந்த பெருமந்தத்தோடு இதுவும் சேர, 1929 க்கும் 1933 க்கும் இடையில் உலக வர்த்தகத்தின் பெறுமதி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1947 இல் ஜெனீவாவில் 23 நாடுகள் செய்துகொண்ட காட் (GATT) எனப்படும் தீர்வை, வர்த்தகம் பற்றிய பொது ஒப்பந்தம். அந்த 23 இல் இலங்கையும் ஒன்று என்பதை இங்கே பலர் அறிந்திருக்கவில்லை. ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பேரம் பேசப் பலமில்லாத சிறிய நாட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. 1995 ஜனவரி 1 இல் உலக வர்த்தக அமைப்பு உருவானபோது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் முறையும் பலப்பட்டது.

2019 டிசம்பர் முதல் அந்த முறையின் மேல்முறையீட்டுப் பிரிவு செயலிழந்து கிடக்கிறது. ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்துக்குப் புதியவர்களை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து மறுத்ததால் வழக்குக் கேட்கத் தேவையான மூவர்கூட இல்லாமல் போயினர். அந்தப் பிரிவு தன் அதிகாரத்தை மீறித் தீர்ப்பளித்தது என்பதும், அரச நிறுவனங்கள் மூலம் கொடுக்கப்படும் மானியத்தைத் தடுக்க விதிகள் போதவில்லை என்பதும் அமெரிக்காவின் வாதம். இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காக நடுவரையே இல்லாமலாக்கியது, பலமுள்ளவர் வைத்ததே சட்டம் என்ற இடத்துக்குக் காரியத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஜெனீவாவில் வழக்குப் போட்டு முடிவுக்காகக் காத்திருக்க வழியிருந்தால் 2018 இன் பிணக்குகளில் சில அங்கேயே அடங்கியிருக்கும்.

இடையில் நிற்கும் தீவு

பெரியவர்களின் மோதல் சிறியவர்களுக்கு எப்போதும் தீங்காகவே முடிவதில்லை. 1951 இல் கொரியப் போரின்போது சீனாவுக்கு இறப்பர் விற்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை தடை கொண்டுவந்தது. இலங்கை அப்போது அச்சபையில் உறுப்பு நாடு அல்ல. இறப்பர் விலை வீழ்ந்திருந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க 1952 டிசம்பரில் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) சென்று, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்ற இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சீனா உலகச் சந்தையைவிடக் கூடுதலான விலை கொடுத்தது. அமெரிக்க உதவி நின்றது. ஆனால் ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் நீடித்தது.

நமது ஆடைத் தொழிலும் ஒருவகையில் பெரிய நாடுகளின் காப்புக் கொள்கையின் பிள்ளைதான். 1974 முதல் 2004 முடிவுவரை செல்வந்த நாடுகள் ஒவ்வொரு வளரும் நாட்டிலிருந்தும் எவ்வளவு ஆடை வரலாம் என்று கோட்டா வைத்திருந்தன. ஹொங்கொங், தென் கொரியா போன்ற இடங்களில் கோட்டா நிரம்பியபோது, நிரம்பாத கோட்டாவைத் தேடிவந்த முதலீட்டாளர்கள் 1978 இல் திறந்த கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரங்களை இறக்கினார்கள். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அவற்றின்முன் அமர்ந்தார்கள். அந்த ஏற்பாட்டை அவர்களும் வடிவமைக்கவில்லை, நமது அரசாங்கமும் வடிவமைக்கவில்லை.

2025 இல் நடந்ததையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 44 ஆக அறிவிக்கப்பட்ட தீர்வை, பேச்சுவார்த்தைகளின்பின் ஜூலையில் 30 ஆகவும் ஓகஸ்டில் 20 ஆகவும் இறங்கியது. அந்த ஓகஸ்டில் வியட்நாமுக்கும் பங்களாதேசத்துக்கும் 20, கம்போடியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் 19, இந்தியாவுக்கு மாத இறுதியில் 50. ஆடை வாங்கும் நிறுவனத்துக்கு 20 என்ற எண்ணைவிட அது பக்கத்து நாட்டின் எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே முக்கியம், ஏனென்றால் அதே சட்டையை டாக்காவிலும் தைக்கலாம், ஹோ சி மின் நகரிலும் தைக்கலாம். வேறு நாட்டுப் பொருளைத் தன் பொருள்போலக் காட்டி அனுப்பினால் 40 சதவீதம் என்ற விதியும் அப்போது சேர்க்கப்பட்டது. அதனால் சீனத் துணியைத் தைத்து அனுப்பும் நாடு விலையோடு நூலும் துணியும் எங்கிருந்து வந்தன என்பதற்கான பத்திரங்களையும் கையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. இந்நாட்டிலேயே துணி நெய்யும் ஆலைகள் போதிய அளவு இல்லை என்பது ஆடைத் தொழிலில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை. வாஷிங்டனும் பெய்ஜிங்கும் பேசும் மேசையில் நமக்கு இடமில்லாதபோதும், அந்தக் குறையை நிரப்புவது கொழும்பில் எடுக்கக்கூடிய முடிவு.